வழிமொழிந்தவள்

கொறற்றி என் வீட்டுக்கு வருவதென்றால் காரை இரண்டு தெரு தள்ளி, கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுத்தான் வருவாள். கையில் ஒரு வெறும் சாமான் பையும் இருக்கும். வழியில் யாராவது தமிழ்ச்சனம் கண்டால், சாமான் வாங்க வந்தனான் என்று சொல்லலாமே, அதற்கு. வாசல் மணியையும் அடிக்கமாட்டாள். கைத்தொலைபேசியில் ஒரு மிஸ்ட் கோல். நான் மூன்று மாடி இறங்கிப்போய்க் கதவைத் திறக்கவேண்டும். கள்ளக்காதலனைக் கூப்பிடுகிறவள்கூட இவ்வளவு பாடு படமாட்டாள்.

இவ்வளவும் எதற்கென்றால், நான் புருசனை விட்டவள். விட்டதோடு நின்றேனா, மன்ஃபிரெட் என்ற ஜேர்மன்காரனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். புருசன் சோதிலிங்கம் அடித்த அடியில் என் இடது காது இன்றைக்கும் மந்தம். அந்த அடியின் சத்தம் ஜேர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கிற தமிழர் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் சூட்கேசை இழுத்துக்கொண்டு படியிறங்கிய சத்தம் மட்டும் பக்கத்து நகரமான டோட்முண்ட் வரைக்கும் கேட்டுவிட்டது.

கொறற்றிக்கும் எனக்கும் பழக்கம் எண்பத்தாறில் தொடங்கியது. அகதிகள் விடுதியில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அவள் யாழ்ப்பாணம் பாசையூர்க் கத்தோலிக்கப் பெட்டை, நான் சைவக்காரி. அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய மீன்குழம்புச் சட்டி என் மரக்கறிச் சட்டியில் முட்டாமல் இருக்க நடுவில் ஒரு தட்டை நிமிர்த்தி வைப்போம். அப்படி இருந்தவளுக்கு, நான் பிரிந்து வந்த பிறகு என்னை வீதியில் கண்டால் கண் தெரியாமல் போய்விட்டது. வீட்டுக்கு ஒளித்து வருவாள், வந்தால் மணித்தியாலக்கணக்கில் இருந்து கதைப்பாள். நானும் மானமில்லாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். வேண்டாம் போ என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு தமிழில் வாய்விட்டுச் சிரிக்க எனக்கு ஆளில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு தை மாதம் அவள் வந்து கதிரையில் இருக்கமுதலே சொன்னாள்.

"மலரக்கா, நான் தலைவர் பதவிக்குக் கேக்கப் போறன்."

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குக் கதிர்காமநாதன் அண்ணை பதினொரு வருடமாகத் தலைவர். அந்தக் கதிரைக்கு அவரைத் தவிர வேறு ஆள் இருக்கலாம் என்ற யோசனை எங்கள் சனத்துக்கு வந்ததே இல்லை. பொம்பிளை ஒருத்தி கேட்பதென்றால் அது நாடகத்தில் கூட இல்லை.

"உனக்கென்ன விசரே?"

"விசர்தான். அந்த நிலவறையிலை பிள்ளையள் இருமுறதைக் கேட்டுக் கேட்டு விசராப் போச்சு."

அது உண்மை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை ஒன்பது வருடமாக அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. சுவரில் பூஞ்சணம். நகரசபை தன் இளைஞர் இல்லத்தில் நான்கு நல்ல அறைகள் தரத் தயாராக இருந்தது. சங்கத் தலைவர் ஒரு அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். கதிர்காமநாதன் அண்ணை ஒன்றரை வருடமாகப் பார்ப்பம், பார்ப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யோசனை தன்னுடையதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பங்குனிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அறைகள் வேறு யாருக்கோ போய்விடும்.

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"பேச்சு எழுத வேணும். மகள் பள்ளிக்கூடத்திலை ஒரு மனுசியைப் பற்றி வகுப்புக்கு முன்னாலை நிண்டு றெஃபராட் செய்தவள். அமெரிக்காவிலை, செரோக்கி எண்ட ஆதிக்குடிச் சனத்துக்குத் தலைவியா இருந்த முதல் பொம்பிளை. வில்மா மான்கில்லர். அவவை வைச்சுத்தான் நான் கதைக்கப் போறன். நீங்கள்தானே ஜேர்மன் புத்தகம் வாசிப்பீங்கள்."

ஆக, தேவை இருந்தபடியால்தான் படியேறி வந்திருக்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த கோபத்தோடு திங்கட்கிழமை, பல்வைத்தியரிடம் வேலை முடிந்த கையோடு, நகர நூலகத்துக்குப் போய் அந்த மனுசியைத் தேடினேன். என் புத்தி அப்படி.

மன்ஃபிரெட் புத்தகத்தைக் கண்டதும் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டான். சின்னவயதில் கார்னிவலுக்கு ஒவ்வொரு வருடமும் செவ்விந்தியர் வேசத்தில் இறகுத்தொப்பி போட்டவனாம். படங்களைப் புரட்டிவிட்டு, "இறகு எங்கே?" என்று கேட்டான். இறகு இல்லை. பாடசாலை அதிபர் மாதிரி ஒரு மனுசி, அகலமான முகம், சிரிப்பு. பதவியும் வேலையும் உள்ள ஒரு மனுசி. அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கு அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு பின்னேரங்களில் மன்ஃபிரெட் பஸ் ஓட்டப் போனபிறகு கொறற்றி வருவாள். நான் வாசித்துச் சொல்வேன், அவள் எழுதுவாள்.

ஒக்லஹோமாவில் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை. பத்து, பதினொரு வயதில் அரசாங்கம் குடும்பத்தோடு பெயர்த்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. பட்டணத்தில் வாழ்ந்தால் இவர்கள் திருந்திவிடுவார்கள் என்று ஒரு திட்டமாம். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

"எங்கடை பிள்ளையளின்ரை பேரை வாசிக்கேக்கை இஞ்சத்தை ரீச்சர்மார் முழிக்கிற மாதிரி," என்றாள் கொறற்றி. அவள் கண் கலங்கியிருந்தது.

"மான்கில்லர் எண்டால் ஆம்பிளையைக் கொல்லுறவள் எண்டெல்லோ நினைப்பினம்," என்று நான் சொன்னேன். "கதிர்காமநாதன் அண்ணை பேரைக் கேட்டவுடனை கதிரையை விட்டு எழும்பி ஓடுவார்."

அது பழைய போர்ப்பதவி ஒன்றின் பெயர், ஊரைக் காவல் காத்தவனுடையது என்று புத்தகத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு பெல் என்ற ஊரின் கதை வந்தது. செரோக்கிச் சனத்திலேயே கடைசியாக வைத்து எண்ணப்பட்ட ஏழைகள் அங்கே. குழாய்த் தண்ணீர் இல்லை. அவர்கள் சோம்பேறிகள், ஒரு வேலைக்கும் வரமாட்டார்கள் என்று பக்கத்து ஊரெல்லாம் பேச்சு. மனுசி அங்கே போய் இருந்து, கூட்டம் வைத்துக் கதைத்து, குழாய் போடும் வேலையை அவர்கள் கையிலேயே கொடுத்தா. வரமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட சனம் வந்தது. குடும்பம் குடும்பமாகக் கிடங்கு வெட்டிக் குழாய் தாட்டது. பல கிலோமீற்றருக்குத் தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவ உதவித் தலைவர் பதவிக்குக் கேட்டா. கேட்டவுடன் சொந்தச் சனமே எதிர்த்தது. பொம்பிளை தலைமை தாங்கினால் மற்ற இனங்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்றார்கள். காரின் ரயரை வெட்டினார்கள். கொல்லுவோம் என்றும் மிரட்டினார்கள். மனுசி வென்றா. எண்பத்தைந்தில் முழுத் தலைவியானா. பத்து வருடம் இருந்து ஆஸ்பத்திரிகள் கட்டினா, சிறுநீரகம் பழுதாகித் தமையனின் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டும் வேலை செய்தா. அந்த வருடமும் உயிரோடுதான் இருந்தா.

இதையெல்லாம் கொறற்றி மூச்சு விடாமல் எழுதினாள். ஒரு இடத்தில் மட்டும் பேனை நின்றது.

"அவவின்ரை முதல் புருசனுக்கு அவ ஊர்ச்சனத்துக்கு வேலை செய்யிறது பிடிக்கேல்லை," என்று நான் வாசித்துக்கொண்டிருந்தேன். "அவ விவாகரத்து எடுத்துக்கொண்டு ரெண்டு பெட்டையளோடை ஒக்லஹோமாவுக்குத் திரும்பி வந்திட்டா."

கொறற்றி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதை விடுவம் மலரக்கா."

"ஏன்?"

"கூட்டத்திலை ஆம்பிளையள்தானே இருப்பினம். அது தேவையில்லாத கதை."

"அவ அந்தாளோடையே இருந்திருந்தால் அவவைப் பற்றி நீ இப்ப எழுதிக்கொண்டிருக்கமாட்டாய்."

"ஓம், எனக்கு விளங்குது. ஆனா அவையளுக்கு விளங்காது."

அவையளுக்கு விளங்காதாம். என் மேசையில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என் வாழ்க்கையைத் தேவையில்லாத கதை என்று என் முகத்துக்கு நேரேயே சொல்கிறாள், அது என்னையும் சொல்வதென்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. எழும்பிப்போய் கேத்திலைத் திரும்பவும் போட்டேன். விட்டுவிடு என்றேன். பிறகு முழுப் பேச்சையும் நானே கணினியில் தட்டிக் கொடுத்தேன், அந்தக் கதை இல்லாமல். தட்டிய விரல்களுக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டும்.

போகும்போது வாசலில் நின்று, கடைப்பையை மடித்தபடி சொன்னாள்.

"கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்கோ. உங்கடை வாக்கு எனக்கு வேணும். ஆனா... முன்னுக்கு வந்து ஒண்டும் கதைக்காதேங்கோ, என்ன? பின்னாலை இருங்கோ. பேரை பேனாட்டின்ரை மச்சான் முன்மொழிவார். வாசுதேவன் வழிமொழியிறன் எண்டு சத்தியம் பண்ணினவன்."

என் வாக்கு அவளுக்கு ஏன் தேவை என்று சொல்லவேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு அங்கத்துவம், ஒரு கை. அது புருசனின் பெயரில் இருக்கும். மனைவியோ புருசனோ எவரும் பதவிக்குக் கேட்கலாம், ஆனால் முன்மொழிய, வழிமொழிய, வாக்குப்போட அங்கத்தவர்தான் கை உயர்த்தவேண்டும். தன் வீட்டாளுக்காகத் தானே முன்மொழியவும் வழிமொழியவும் வாக்குப்போடவும் ஏலாது. ஆகவே கொறற்றியின் புருசன் பேனாட் தன் மனுசிக்குக் கை உயர்த்த முடியாது. பொம்பிளைகளில் சொந்தமாக ஒரு கை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். புருசனை விட்டபடியால் கிடைத்த கை அது. வருடாவருடம் சந்தாவை வங்கியில் கட்டிவிடுவேன், என்னை வெட்டவும் அவர்களால் முடியவில்லை, கூப்பிடவும் மனமில்லை.

மாசிக் கடைசி ஞாயிறு, தேவாலயத்து மண்டபத்தில் பொதுக்கூட்டம். நான் உள்ளே போனபோது ரோல்ஸ் பொரிக்கிற வாசம் மூக்கில் அடித்தது. பொம்பிளைகள் எல்லோரும் குசினிக்குள். பரிமாறுகிற யன்னலுக்குள்ளால் தலைகள் மட்டும் தெரிந்தன. என்னைக் கண்டதும் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் சோதிலிங்கத்தின் வழுக்கை தெரிந்தது. அவருக்கு எந்தக் கூட்டத்திலும் முன்வரிசைதான்.

எங்கள் சங்கத்தில் முதலில் பேச்சு, பிறகுதான் பெயர் முன்மொழிதல். பேச்சில்லாமல் எங்கள் சனத்துக்கு ஒன்றும் சமிக்காது. கதிர்காமநாதன் அண்ணை முக்கால் மணித்தியாலம் தன் சேவைகளைச் சொன்னார். அதற்குப் பிறகு கொறற்றி எழும்பினாள். நீலச் சேலை. தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது பந்தியில் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

சொல்லத்தான் வேண்டும், நன்றாகப் பேசினாள். குசினியில் பொரிக்கிற சத்தம் நின்றது. யன்னலில் தலைகள் கூடின.

"வரமாட்டினம் எண்டு சொன்ன சனம் வந்தது," என்று அவள் சொன்னாள். "ஆர், எவர், எந்த வீடு எண்டு அவ கேக்கேல்லை. வந்த கையெல்லாம் மண்வெட்டி பிடிச்சது. அந்தக் கையளாலைதான் தண்ணி வந்தது. எங்கடை பிள்ளையளுக்கு நாலு அறை வேணும். அதுக்கு எனக்கும் கையள் வேணும்."

கை தட்டினார்கள். ஆம்பிளைகளும் தட்டினார்கள். அந்த வசனங்கள் என் வீட்டு மேசையில் பிறந்தவை, அதை நினைக்க எனக்கு ஒரு பெருமை வந்தது. பொய் சொல்லவில்லை.

தேர்தலை நடத்தியவர் இன்னாசித்தம்பி அண்ணை, ஓய்வுபெற்ற தபால்காரர், ஒழுங்கான மனிதர். பெயர்களைக் கேட்டார். கதிர்காமநாதன் அண்ணையின் பெயரை ஒருவர் முன்மொழிய, வழிமொழிய ஏழெட்டுக் கை எழும்பியது. அடுத்ததாகப் பேனாட்டின் மச்சான் எழும்பி, கொறற்றியின் பெயரைச் சொல்லிவிட்டு, கதிரை சுடுகிறமாதிரி உடனே இருந்தார்.

"வழிமொழியிறது ஆர்?" என்றார் இன்னாசித்தம்பி அண்ணை.

வாசுதேவன் நடுவரிசையில் இருந்தான். கைத்தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வழிமொழியிறது ஆரும் இருக்கிறீங்களோ?"

ஒருவரும் இல்லை. இவ்வளவு நேரம் கைதட்டிய அதே கைகள், எல்லாம் மடியில் கிடந்தன. குசினி யன்னலில் பன்னிரண்டு பதின்மூன்று பொம்பிளைகள் நின்றார்கள், ஒருத்திக்கும் கை இல்லை. அவர்கள் தங்கள் தங்கள் புருசன்மாரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனாட் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். கொறற்றி மேடையோரம் நின்றாள். அந்தத் தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ," என்றார் கதிர்காமநாதன் அண்ணை முன்வரிசையிலிருந்து. குரலில் தேன் வடிந்தது. "பேச்சு நல்ல பேச்சு."

பின்னாலை இருங்கோ என்று என்னிடம் சொன்னவள் கொறற்றி. சொன்னபடி இருந்தால் அவள் பெயர் இப்போதே விழுந்துவிடும், நாலு அறையும் போய்விடும். எழும்பினால் அவள் கேட்டதை மீறினதாகிவிடும். அவள் சொன்ன பேச்சு எனக்குள் இன்னும் சூடாக இருந்தது. வந்த கையெல்லாம் என்று அவள்தானே சொன்னாள். நான் கையை உயர்த்தினேன்.

"நான் வழிமொழியிறன். தவமலர். அங்கத்தவர்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சோதிலிங்கமும் திரும்பினார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேரே பார்த்தேன், கிழண்டு போயிருந்தார். யாரோ ஒருவன் மெல்லிய சத்தத்தில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"பேனாட், கவனம். அடுத்தது உன்ரை வீட்டுக்கும் வெள்ளைக்காரன் வருவான்."

சிரிப்பு எழும்பியது. பெரிய சிரிப்பில்லை. இருமல் மாதிரி வரிசை வரிசையாகப் போன சிரிப்பு.

இன்னாசித்தம்பி அண்ணை சிரிக்கவில்லை. விதிமுறைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தவமலர் அங்கத்தவர்தான். சரி. முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு. கொறற்றி பிள்ளை, நீங்கள் ஏற்றுக்கொள்ளுறீங்களோ? ஓம் எண்டு சொன்னால் வாக்கெடுப்புக்குப் போவம்."

ஒரு ஓம். அவ்வளவுதான் தேவை. தோற்றாலும் தோற்கட்டும், அவளுடைய பெயர் கேட்கப்பட்டிருக்கும். அடுத்த வருடம் இன்னொருத்தி கேட்பாள்.

கொறற்றி என்னைப் பார்த்தாள். இருபது வருடம் பழகியவள், அந்த முகத்தில் வருகிறதெல்லாம் எனக்குத் தெரியும். அதில் கோபம் இருக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீங்கள் என்று கெஞ்சுகிறமாதிரி இருந்தது. வீதியில் வைத்து நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எப்படிப் பதறுவாளோ, அப்படி. பிறகு பேனாட்டைப் பார்த்தாள். அவன் இன்னும் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் விலகிறன்," என்றாள்.

"என்ன பிள்ளை?"

"நான் விலகிறன் அண்ணை. எனக்கு வேண்டாம்."

வெட்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீங்கிய முகத்தோடு கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள் நான். சூட்கேசோடு படியிறங்கியவள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்கு வந்த வெட்கம் வேறு. என் கையைத் தொடுவதைவிட எல்லாவற்றையும் விட்டுவிடுவது அவளுக்குச் சுகமாக இருந்தது. ஒன்பது வருடப் பாடசாலை, இருமுகிற பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைகள், அந்தச் செரோக்கி மனுசி, எல்லாவற்றையும். அவளுக்காக வெட்கப்பட்டேன். அவளை நம்பிய எனக்காகவும் வெட்கப்பட்டேன். அந்த மனுசியின் கதையை வெட்டித் தட்டிக் கொடுத்தபோதே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதிர்காமநாதன் அண்ணை சுணங்கவில்லை. எழும்பிச் சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கொறற்றித் தங்கச்சியின்ரை சேவை சங்கத்துக்குக் கட்டாயம் வேணும். இப்பிடி ஒரு ஆளை நாங்கள் விடக்கூடாது. கலைவிழா சாப்பாட்டுக்குப் பொறுப்பா அவவைப் போடுவம் எண்டு நான் கேட்டுக்கொள்ளுறன். சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

என்னைச் சுற்றிக் கைகள் எழும்பின. வாசுதேவனின் கை எழும்பியது, சோதிலிங்கத்தின் கை எழும்பியது. பேனாட்டும் விதியை மறந்து உயர்த்தினான். அப்போதுதான் என் கை இன்னும் மேலேயே நிற்பதைக் கண்டேன். நான் அதை இறக்கவே இல்லை. இப்போது இறக்கினால், பார் இவளுடைய எரிச்சலை என்பார்கள். இறக்காவிட்டால் அது அவளைச் சாப்பாட்டுக்குப் போடுகிற வாக்குத்தான். இன்னாசித்தம்பி அண்ணை பேனையை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசியாக என்னிடம் வந்தபோது பேனை ஒரு கணம் நின்றது. பிறகு என்னையும் எண்ணினார்.

"ஏகமனதாக," என்றார்.

குசினி யன்னலில் கை தட்டினார்கள். கொறற்றி மேடையோரத்திலிருந்து இரண்டு அடி முன்னுக்கு வந்து, தனக்காகக் கை உயர்த்திய எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொன்னாள். என் பக்கமும் திரும்பிச் சொன்னாள்.